ராஜா பிறந்தநாளில் விற்ற தூக்குவாளி

ஜெரோம்,

போன ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, உன் போன் வந்துவிட்டது. "என்னம்மா, முடிவு பண்ணிட்டியா?" என்று கேட்டாய். "நல்லாயிருக்கேன்பா" என்றேன். நீ கேட்டது ஒன்று, நான் சொன்னது வேறு. நீயும் சிரித்துக்கொண்டே லூசியிடம் போனைக் கொடுத்தாய், பேத்தி எனக்கு உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று பாடினாள், அத்தோடு பேச்சு முடிந்தது. டெலிபோன் ஆபீசில் ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவளுக்குப் பெற்ற பிள்ளையிடம் போனில் பேச வராது என்று உன் அப்பா இருந்தவரைக்கும் கிண்டல் பண்ணுவார். உண்மைதான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டை விற்றுவிட்டு உங்களோடு ஹாலந்தில் வந்து இருப்பதா வேண்டாமா என்பதற்குப் பதிலும் இதில் வரும். ஆனால் அதற்கு முன்னால் வேறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் நான் என்ன பதில் சொன்னாலும் அது பாதிப் பொய்யாகத்தான் இருக்கும்.

உங்களிடமிருந்து திரும்பி நான் மீனம்பாக்கத்தில் வந்து இறங்கியபோது கத்திரி வெயில். வீட்டுக்கு வந்து ஃபேனைப் போட்டுக்கொண்டு போனைத் திறந்தால், குடும்ப குரூப்பில் நீ ஒரு போட்டோ போட்டிருந்தாய். கழுத்தில் ஆரஞ்சு இறகு மாலையோடு நான் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். 'ராஜா பிறந்தநாளில் அம்மா செம ஜாலி' என்று கீழே எழுதியிருந்தாய். எல்லாரும் இதயம் இதயமாக அனுப்பியிருந்தார்கள். நங்கநல்லூரிலிருந்து உன் பிலோமினா சித்தி மட்டும் போன் பண்ணினாள். "அக்கா, உன் காலுக்குப் பக்கத்துல பாயில பளபளன்னு ஒண்ணு இருக்குதே, அது நம்ம வீட்டுத் தூக்குவாளிதானே?" என்றாள். ஆமாம் என்றேன். "அத எதுக்குத் தெருவுல வெச்சிருக்கான்?" என்றாள். "கொடி ஏத்துறப்ப மிட்டாய் குடுக்கறதுக்கு" என்று சொல்லிவிட்டேன். அவளும் நம்பிவிட்டாள். தங்கையிடம்கூட உன்னை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

கொடி ஏற்றுவார்கள் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டு வந்தேன். நம் கோயிலில் ஆகஸ்ட் பதினைந்து எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாததா? மாதா விண்ணேற்புத் திருநாளும் சுதந்திர தினமும் ஒரே நாளில் வந்துவிடுவதால், பூசை முடிந்த கையோடு எல்லாரும் கோயில் முற்றத்துக்கு வந்து நிற்போம். சாமியார் கயிற்றை இழுப்பார், கொடிக்குள் வைத்த பூ அவர் தலையிலேயே விழும், நீங்கள் பிள்ளைகள் சிரிப்பீர்கள். தேசிய கீதம், அப்புறம் ஆளுக்கு ஒரு மிட்டாய். ஒரு நாட்டின் பெருநாள் என்றால் இவ்வளவாவது இருக்கும் என்று நம்பி, கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை ஒன்றைச் சூட்கேஸில் மடிப்புக் கலையாமல் எடுத்து வந்திருந்தேன். அன்றைக்குக் காலையில் குளித்து அதைக் கட்டிக்கொண்டு, "எத்தன மணிக்குடா கொடி ஏத்துவாங்க?" என்று கேட்டேன். நீ பல் தேய்த்துக்கொண்டே சிரித்தாய். "அதெல்லாம் யாரும் ஏத்த மாட்டாங்கம்மா. அவங்கவங்க வீட்டுல அவங்கவங்களே மாட்டிக்குவாங்க. வா, கீழ லூசி கடை போட்டிருக்கா."

கடை என்றதும் ஏதோ பள்ளிக்கூடக் கண்காட்சி என்று நினைத்தேன். கீழே வந்து பார்த்தால், தெரு முழுக்க ஜனங்கள் தங்கள் வீட்டுச் சாமான்களைக் கொண்டுவந்து நடைபாதையில் பரப்பியிருக்கிறார்கள். பழைய செருப்பு, காது உடைந்த கோப்பை, குழந்தை வளர்ந்துவிட்டதால் சின்னதாகிப்போன ஸ்வெட்டர், யாரோ பாதி எரித்த மெழுகுவர்த்தி. முந்தின நாளே நடைபாதையில் டேப் ஒட்டி 'இது எங்கள் இடம்' என்று எழுதி வைத்திருந்ததை நான் பார்த்தேன், தண்ணி லாரிக்குக் குடம் வைத்து இடம் பிடிப்பது போல. அது ஏதோ ஊர்வலத்துக்காக என்று நினைத்துவிட்டேன். உன் பக்கத்து வீட்டு டாக்டரம்மாள் தன் பழைய ஹேண்ட்பேக்குகளை வரிசையாக வைத்துக்கொண்டு ஒரு சாக்கின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நாளை உங்கள் ஊரில் கோனிங்ஸ்டாக் என்கிறார்கள், ராஜாவின் நாள் என்று அர்த்தமாம். கோணியை விரித்து உட்காருவதால்தான் அந்தப் பேரோ என்று நான் கேட்டேன். நீ அதை மருமகள் மரைக்காவுக்கு மொழிபெயர்க்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டாய். நம் தெருவில் ஒரு வீட்டுச் சாமான் வாசலில் பரப்பிக் கிடந்தால் அந்தக் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே அதுதான் திருவிழா.

இன்னும் இருக்கிறது. ஊரே ஆரஞ்சு. அது ராஜா வீட்டு நிறமாம். சட்டை, தலைமுடி, நாய் கழுத்து, எல்லாம் ஆரஞ்சு. மொத்த ஊரும் ஒரே நாளில் சந்நியாசம் வாங்கிக்கொண்டு, வாங்கின கையோடு பீர் குடிக்கப் போய்விட்டது என்று எனக்குத் தோன்றியது. வாய்க்காலில் படகு படகாகப் போய்க்கொண்டு கத்துகிறார்கள். பாலத்தின் மேல் லூசி வயதுப் பெண் ஒருத்தி வயலின் வாசிக்கிறாள், காலடியில் தொப்பியை மல்லாத்தி வைத்திருக்கிறாள், போகிறவர்கள் காசு போடுகிறார்கள். அந்தப் பிள்ளையின் அப்பா பக்கத்தில் நின்று பெருமையாகப் படம் பிடிக்கிறார். நல்ல வீட்டுப் பிள்ளையைப் பிச்சை எடுக்க விட்டுவிட்டு எப்படி இந்த ஆளால் சிரிக்க முடிகிறது என்று நான் அப்படியே நின்றுவிட்டேன். நீ என் முழங்கையைப் பிடித்து இழுத்தாய். "அம்மா, அப்படி முறைச்சுப் பாக்காத. இது இங்க ஜாலி." சரி, ஊருக்கு ஊர் வழக்கம் வேறு, நாம் விருந்தாளி என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். இத்தனையும் அதிர்ச்சிதான், ஆனால் ஊருக்குத் திரும்பிப் போய்ச் சிரித்துச் சிரித்துச் சொல்லக்கூடிய அதிர்ச்சி. பிலோமினாவிடம் எதை முதலில் சொல்லலாம் என்றுகூட யோசித்துக்கொண்டே வந்தேன்.

அப்புறம்தான் லூசியின் பாயைப் பார்த்தேன். அவளுடைய பழைய சக்கரச் செருப்பு, படப் புத்தகங்கள், ஒரு கை இல்லாத பொம்மை. இவற்றுக்கு நடுவில், நன்றாகத் தேய்த்துத் துடைத்து, மூடி போட்டு, அந்த எவர்சில்வர் தூக்குவாளி. முதலில், நீங்கள் அதில் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். குழந்தைக்குத் தாகத்துக்கு வைத்திருக்கிறான், நல்ல பிள்ளை என்றுகூட நினைத்தேன். உட்காரப் போகும்போதுதான் அதன் கைப்பிடியில் ஒரு ஆரஞ்சுக் காகிதம் ஒட்டி, அதில் லூசியின் கையெழுத்தில் விலை போட்டிருந்ததைப் பார்த்தேன். என்ன விலை என்று நான் படிக்கவில்லை. இப்போதும் அது எனக்குத் தெரிய வேண்டாம். எனக்கு மூச்சு நின்றுவிட்டது, ஜெரோம். சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. நீ நாற்காலியை விரித்துப் போட்டாய், நான் அதில் விழுந்தேன்.

அதை வாங்கின நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை. எனக்கு நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. கோயிலில் உனக்கு முதல் தடவையாக நற்கருணை, புதுநன்மை கொடுக்கப் போகிறார்கள் என்று வெள்ளைச் சட்டை எடுக்க தி.நகர் போயிருந்தோம். லூசிக்கு இப்போது இருக்கிற வயசுதான் உனக்கு அப்போது. சட்டை எடுத்ததும் அப்பா, "இவனுக்குனு ஒரு சாமான் வாங்கணும், பெரியவனானாலும் வெச்சுக்கற மாதிரி" என்று சொல்லி இதை வாங்கினார். பேர் வெட்டாத பாத்திரம் நம் வீட்டுக்குள் நுழையாது என்பது உனக்குத் தெரியும். கடை வாசலிலேயே பேர் வெட்டுகிறவர் மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இன்னா பேரு சார், இன்ஷியல் இன்னா?" என்று கேட்டார். "ஜெரோமுக்கு, அப்பா. அவ்ளோதான்" என்றார் அப்பா. அந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார். "அப்பா பேரு இன்னா சார்? வெறும் அப்பானு போட்டா எந்த அப்பானு எப்டித் தெரியும்?" அதற்கு அப்பா உன் தலையில் கையை வைத்து, "அவனுக்குத் தெரியும். நீ எழுது" என்றார். மெஷின் கிர்ரென்று சத்தம் போட, நீ காதைப் பொத்திக்கொண்டாய்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் நடுவில் கமா போட மறந்திருந்தார் அந்த ஆள். 'ஜெரோமுக்கு அப்பா' என்று ஒரே வரியாக இருந்தது. பிலோமினா அதை விடவில்லை. "அப்ப இந்த வாளிதான் ஜெரோமுக்கு அப்பாவா?" என்று ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கு அப்பா மந்தைவெளி ஓட்டலில் சாம்பார் வாங்கி, சைக்கிள் ஹேண்டில்பாரில் அதை மாட்டிக்கொண்டு வருவார். "டேய், உங்கப்பாவுல கொஞ்சம் சாம்பார் இருந்தா குடுடா" என்று சித்தி கேட்பாள், நீ கோபித்துக்கொண்டு வாளியைக் கட்டிப்பிடித்துக்கொள்வாய். உனக்கு மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, அப்பா ஹார்பர் ஆபீசுக்குப் போகிற வழியில் அதில்தான் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். நர்ஸ் அதன் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டாலே நீ கண்ணைத் திறப்பாய். ஹாலந்துக்கு முதல் தடவை கிளம்பும்போதும் பருப்புப்பொடியை அதில் அடைத்து, மூடியைத் துணி கட்டி, நீயாகவே கைப்பையில் வைத்துக்கொண்டாய். நான் சொல்லவில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஒரு பெருமை.

அந்தப் பாயின் முன்னால், தலையில் பிளாஸ்டிக் கிரீடம் வைத்த வயசான அம்மாள் ஒருத்தி குனிந்து நின்றாள். வாளியைக் கையில் எடுத்தாள். புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த எழுத்தின் மேல் விரலை வைத்து மெதுவாகத் தடவினாள், கண் தெரியாதவர்கள் படிப்பது போல. லூசியிடம் ஏதோ கேட்டாள். லூசி உன் பக்கம் திரும்பி "பாப்பா?" என்றாள். உங்கள் ஊரில் பிள்ளைகள் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுகின்றன என்பது எனக்கு வந்த முதல் நாளே தெரியும். நாற்பது வயது ஆளைப் பிடித்துப் பாப்பா என்கிறாளே என்று வயிறு வலிக்கச் சிரித்தவள் நான். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ என்ன சொல்லப்போகிறாய் என்று உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வாளியைப் பார்த்தாய். என்னைப் பார்க்கவில்லை. தோளைக் குலுக்கிவிட்டு ஒரே ஒரு சொல் சொன்னாய். டெகொராட்சி. எனக்கு உங்கள் மொழி தெரியாதுதான். ஆனால் சில சொற்களுக்கு மொழி தெரிய வேண்டியதில்லை. சும்மா அலங்காரம், பூ வேலை என்று சொன்னாய். உன் பேரை, உன் அப்பா உனக்கு எழுதியதை.

நான் அங்கேயே கத்தியிருக்கலாம். வாளியைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டிருக்கலாம். அந்த அம்மாள் காசைக் கொடுத்துவிட்டு, திரும்பும்போது எடுத்துக்கொள்வதாகச் சைகை காட்டி வாளியைப் பாயிலேயே வைத்துவிட்டுப் போனாள். அந்தக் குழந்தை முதல் தடவையாக ஒரு பொருளை விற்ற சந்தோஷத்தில் குதித்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய் எனக்கு ஒரு கேக் வாங்கி வந்தது. அன்றைக்கு மட்டும் அதன் மேலே ஆரஞ்சு பூசுவார்களாம். நான் கடித்தேன், உள்ளே இருந்த கிரீம் முழுக்கப் பிதுங்கிப் புடவையில் விழுந்தது. எல்லாரும் சிரித்தீர்கள், நீ போட்டோ எடுத்தாய். அதுதான் 'அம்மா செம ஜாலி.' நன்றாகப் பெரிதாக்கிப் பார், என் முகத்தில் ஜாலி எங்கே இருக்கிறது என்று எனக்கும் காட்டு.

மரைக்காவை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். தங்கமான பெண். பயன்படுத்தாத பொருளை அடைத்து வைக்காமல் யாருக்காவது போகட்டும் என்று நினைப்பது அவர்கள் வழக்கம், நல்ல வழக்கம்தான். அந்த எழுத்து என்ன என்று அவளுக்குத் தெரியாது, லூசிக்கும் தெரியாது. உனக்குத் தெரியும். பொருளைக் கொடுப்பது தப்பென்று நான் சொல்லவில்லை. நானே கொடுத்தவள்தான். அப்பா போன பிறகு அவர் சட்டைகளையெல்லாம் மூட்டை கட்டிக் கோயிலுக்குக் கொடுக்க வைத்திருந்தேன். நீ அதைப் பார்த்து, "அதுக்குள்ளயாம்மா?" என்று கேட்டுவிட்டு அழுதாய். மூட்டையைப் பிரித்து அந்த நீல அரைக்கைச் சட்டையை எடுத்துக்கொண்டு போனாய். இந்தத் தடவை உன் அலமாரியில் அதைப் பார்த்தேன், இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறாய். சட்டையை மாட்டி வைத்தவனும் வாளியை விற்றவனும் ஒரே ஆள்தான் என்பது எனக்கு எத்தனை யோசித்தும் விளங்கவில்லை. ஒருவேளை சட்டையைப் பற்றி யாரும் உன்னை எதுவும் கேட்பதில்லை, வாளியைப் பார்த்தால் கேட்கிறார்கள், ஒவ்வொருத்தருக்கும் சொல்லிச் சொல்லி உனக்கு அலுத்துப்போயிருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். அலுப்பு என்றால் என்னால் மன்னிக்க முடியும்.

ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வீட்டில் டம்ளர் முதல் அண்டா வரைக்கும் எல்லாவற்றிலும் யாருடைய பேராவது இருக்கிறது. என் அம்மா வீட்டுச் சீர், பிலோமினா கொடுத்தது, ஆபீஸ் சிநேகிதிகள் கொடுத்தது. நாம் பழைய துணியைப் போட்டுப் பாத்திரம் வாங்குகிற ஜனங்கள், பாத்திரத்தைப் போட்டு எதையும் வாங்கிப் பழக்கமில்லை. நான் இவற்றை விட்டுவிட்டு வரத் தயார். எனக்குச் சாமான் ஆசை கிடையாது. ஆனால் அங்கே வந்து உங்கள் வீட்டு மூலையில் நான் உட்கார்ந்திருக்கும்போது, வருகிறவர்கள் என்னைக் காட்டி யார் என்று கேட்டால், அன்றைக்கும் உனக்கு அலுப்பாக இருந்தால்? நீ தோளைக் குலுக்குவாயோ என்ற எண்ணம் விமானத்தில் முழு வழியும் என்னை விடவில்லை. என்னைப் பற்றி அம்மா இப்படி நினைக்கிறாளே என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும்.

இன்னொன்று இருக்கிறது, அதை உன்னிடம் சொல்லாமலே வந்துவிட்டேன். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் ரொட்டி வாங்க நானே தனியாகப் போனேன். உங்கள் ஊரில் யாரும் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லையே, அதுவும் எனக்கு அதிர்ச்சிதான், நடுவீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது தெருவுக்கே தெரிகிறது. பாலம் தாண்டி, நீ ஸ்டேஷனுக்குச் சைக்கிளில் போகிற வழியில், பச்சைக் கதவு போட்ட வீடு ஒன்று இருக்கிறது. அதன் ஜன்னலில் நம் தூக்குவாளி. மூடியைக் கழற்றிவிட்டு மஞ்சள் பூக்களைச் செருகி வைத்திருக்கிறாள் அந்த அம்மாள். எழுத்து இருக்கிற பக்கம் தெருவைப் பார்க்க வைத்திருக்கிறாள். யாரோ ஒருத்தர் பேர் என்று நீ சொல்லியிருந்தால் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பியிருப்பாள். டெகொராட்சி என்று நீ சொன்னதால்தான் ஊர் பார்க்கட்டும் என்று வைத்திருக்கிறாள். நான் ரொட்டியை அணைத்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதேன். அவள் உள்ளேயிருந்து என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நானும் அசைத்தேன். கதவைத் தட்டித் திருப்பிக் கேட்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். உங்கள் வீட்டு அலமாரிக்குள் இருட்டில் கிடந்ததற்கு இது மேல்.

நீ தினமும் அந்த வழியாகத்தான் போகிறாய், ஜெரோம். இத்தனை நாளில் ஒரு தடவையாவது பார்த்திருப்பாயா, பார்த்தும் பார்க்காத மாதிரி போயிருப்பாயா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் போவதில்லை. ஒரு சனிக்கிழமை லூசியைச் சைக்கிளில் உட்கார வைத்து அங்கே கூட்டிக்கொண்டு போ. அந்த ஜன்னல் முன்னால் இறக்கி விடு. முதல் சொல் உன் பேர், அதை நீயே படித்துக் காட்டு. இரண்டாவது சொல்லை அவளைப் படிக்க வை. எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தால் போதும், அ, ப், பா. உன்னை அவள் கூப்பிடுகிற சொல்லிலேயே முக்கால்வாசி இருக்கிறது. படித்து முடித்ததும், எந்த அப்பா என்று அவள் கேட்பாள். கேட்காமல் இருக்க மாட்டாள், உன் பெண்தானே. என்ன சொல்வது என்று நான் உனக்குச் சொல்லித்தர மாட்டேன்.

சொன்ன பிறகு எனக்கு போன் பண்ணு. முடிவு பண்ணிவிட்டாயா என்று மறுபடியும் கேள். அன்றைக்கு நான் நல்லாயிருக்கேன்பா என்று சொல்லாமல், நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

அம்மா